எட்டு விளக்கும் எரிந்தன

சென்னையில் சக்கரவர்த்தியின் திரையில் மயில் கழுத்துவரைதான் வந்திருந்தது.

“ஏம்மா, மயிலுக்கு இன்னும் உடம்பு வரலியே,” என்றார் போனில். “முதலாளி எந்திரிச்சுப் போய்ட்டாரு.”

“இப்ப வந்துடும் சார்,” என்றாள் ஹேமலதா. ஆரணியில் அவள் திரையில், எவ்வளவு போயிருக்கிறதென்று காட்டும் நீலப் பட்டை நகராமல் நின்றது.

சக்கரவர்த்தி ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை டிசைன்களைத் தேர்வு செய்பவர். ஹேமலதா கம்ப்யூட்டரில் டிசைன் வரைபவள். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து, அலகைச் சிறிதாக்கு, கரையை அகலமாக்கு என்பார். அவள் அப்போதே மாற்றி அனுப்ப வேண்டும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால் தீபாவளிக்கான டிசைன் வேலை முழுக்க அவளுக்கு.

“ஆடி பொறக்கட்டும், இன்னொரு தடவ பாக்கலாம். அப்பவும் இப்படின்னா வேற ஆளுதான், தப்பா நெனச்சிக்காதீங்க.”

அது 2008ஆம் வருடம். பிராட்பேண்ட் இணைப்பு வீட்டின் முன்னறைக்குத்தான் வந்திருந்தது. அங்கே அவள் கொழுந்தன் தமிழ்வாணன் சேலைக் கடை வைத்திருந்தான். அண்ணன் மாணிக்கவேல் பின்கட்டில் நெய்வான், தம்பி முன்னறையில் விற்பான். வரும் ஒரே இணைப்பைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டிதான் ரூட்டர். அது தமிழ்வாணனின் மேஜைமேல் இருந்தது.

முதலில் ஹேமலதா டிசைனைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு முன்னறைக்கு ஓடுவாள். “அக்கா, நடுவுல ஒரு டோல் கேட் போட்டுடட்டுமா?” என்பாள் தமிழ்வாணன் மனைவி ஜெயம். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் தினமும் சொல்வாள். அதனால்தான் மாடி வழியாகப் பின்கட்டுக்கு நீளமாக ஒரு கேபிள் இழுத்தார்கள்.

இழுத்தவன் மாணிக்கவேல். கேபிளுக்குள் எட்டு மெல்லிய ஒயர்கள். அவற்றை வரிசையாக அடுக்கி, முனையில் பிளாஸ்டிக் பிளக்கை நசுக்கிப் பொருத்த வேண்டும். ஆள் கூப்பிடலாம் என்று தமிழ்வாணன் சொன்னதற்கு அவன் சிரித்தான். “தறியில பழைய பாவோட புதுப் பாவ ஆயிரக்கணக்குல இழைக்கு இழை முறுக்கிச் சேக்கறவன்டா நானு. எட்டு இழை எனக்கு ஒரு வேலயா?” சேர்த்தும் காட்டினான். கேபிளைச் சோதிக்கும் கருவியை மாட்டியபோது, ஒன்றிலிருந்து எட்டுவரை பச்சை விளக்குகள் வரிசை தவறாமல் எரிந்தன.

ஆனாலும் வேகம் வரவில்லை. மயில் நின்றுபோன அன்று ஹேமலதா ஒழுங்காகவே சோதித்தாள். ஒரு பழுதைத் தேட ஒரே வழிதான் உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கம்ப்யூட்டரை முன்னறைக்குத் தூக்கிவந்து, தமிழ்வாணனின் குட்டை கேபிளில் மாட்டினாள், பறந்தது. ஆகவே கம்ப்யூட்டர்மேல் பழுதில்லை, வெளியிலிருந்து வரும் இணைப்பிலும் இல்லை. பின்கட்டில் மாட்டினாள், ஊர்ந்தது. ரூட்டரில் வேறு ஓட்டையில் செருகினாள், அப்போதும் ஊர்ந்தது. மிச்சம் இரண்டு. நீளக் கேபிள், ரூட்டர். கேபிளுக்கு எட்டு விளக்குகளும் சாட்சி சொல்லிவிட்டன.

ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு தமிழ்வாணனிடம் மட்டும் இருந்தது; இரண்டு சோதனைக்கும் நடுவில் அவன் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தான். “இன்னாருக்கு இவ்ளோதான்னு இதுல கட்டிப் போட்டுடலாம் அண்ணி,” என்று வாங்கிய புதிதில் அவனே பெருமையாகக் காட்டியிருந்தான்.

கடையில் சந்தவாசலிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

“தம்பி, எங்க லைன இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“நான் இன்னா அண்ணி பண்ணேன்?”

“உங்களுது மட்டும் ஓடுது. எங்களுது மட்டும் நிக்குது. நான் மேல வந்துடுவேன்னு பேஜாரா இருக்கா?”

அவன் முகம் செத்துவிட்டது. ரூட்டரின் பக்கத்தைத் திரையில் திறந்தான். கட்டுப்பாடு எதுவும் போடப்படவில்லை. எல்லாக் கட்டங்களும் காலி.

“இப்ப எடுத்துட்டுக் காட்றீங்க.”

காலிக் கட்டம் நேற்றும் காலியாக இருந்ததென்று எதை வைத்து நிரூபிப்பது?

சத்தம் கேட்டு மாணிக்கவேல் வந்தான். “எட்டு வெளக்கும் எரியுதுடா. ஒயரு என் கையால போட்டது.”

“அப்ப என் கைதான் தப்புக் கை. இல்லண்ணா?”

மாணிக்கவேல் இல்லையென்று சொல்லவில்லை. தமிழ்வாணன் கேபிளை ரூட்டரிலிருந்து உருவி, அண்ணன் கையில் வைத்தான். பிறகு புடவை எடுக்க வந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நடுக்கதவுக்கு அன்று மாலையே உள்தாழ்ப்பாள் விழுந்தது. மாணிக்கவேலின் சேலைகள் அதற்குப்பின் முன்னறைக்குப் போகவில்லை. பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தவாசி பஸ் ஏறினான். தம்பி ஒருநாளும் நெய்தவனை நிற்கவைத்துப் பேசியதில்லை. அங்கே கடைக்காரர்கள் நிற்கவைத்துப் பேசினார்கள்.

ஹேமலதா தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்தாள். ஆடி நெருங்கும்போது வந்தது. மாடியறையில் புது ரூட்டர் வைத்து, அதே நீளக் கேபிளை அங்கிருந்து கீழே தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டாள். மாணிக்கவேல் அன்று வந்தவாசியில் இருந்தான்.

புது இணைப்பு, புது ரூட்டர், யாருக்கும் தெரியாத புது பாஸ்வேர்டு. அனுப்பிய மயிலைத் திரும்ப இறக்கிப் பார்த்தாள், கழுத்துவரை வந்து நின்றது.

அவள் கேபிளைக் கழற்றினாள்.

பிறகு கம்ப்யூட்டரை மாடிக்குத் தூக்கிப்போனாள். ரூட்டர் பெட்டியோடு வந்த குட்டை கேபிளில் மாட்டினாள், பறந்தது. அதே இடம், அதே ஓட்டை, நீளக் கேபிள், ஊர்ந்தது. இரண்டு சோதனைக்கும் நடுவில் இப்போது தமிழ்வாணன் இல்லை.

இரண்டு பிளக்குகளையும் வெளிச்சத்தில் அருகருகே பிடித்தாள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் நிறங்கள் தெரிந்தன. மாணிக்கவேல் போட்டதில் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அதன் வெள்ளைக்கோடு, பச்சைக்குப் பக்கத்தில் அதன் வெள்ளைக்கோடு, அப்படியே நீலமும் பழுப்பும். அந்தந்த நிறம் அதனதன் துணையோடு, கரை பிடித்ததுபோல் அழகாக இருந்தது. கம்பெனி கேபிளில் அப்படியில்லை. பச்சை ஜோடியைப் பிரித்து, நீல ஜோடியை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். நெய்கிறவன் பார்த்தால் வரிசை தப்பென்று பிரித்துப்போடுவான்.

இணையத்தில் தேடினாள். குட்டை கேபிளில் நொடியில் வந்தது.

எட்டு ஒயர்களும் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பது அழகுக்கல்ல. ஜோடியில் ஒன்றில் போவதன் நேரெதிர் மற்றதில் போகிறது. பக்கத்து ஒயர்களின் இரைச்சல், முறுக்கியிருப்பதால், இரண்டின்மேலும் ஒரே அளவு படிகிறது. அந்த முனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்ச் செய்தி மிஞ்சும். பிளக்கின் மூன்றாவது இடமும் ஆறாவது இடமும் ஒரு ஜோடி. நடுவிலுள்ள இரண்டும் டெலிபோனுக்கென்று முன்பே ஒதுக்கப்பட்டவை; அதனால்தான் இந்தத் தாண்டல். மாணிக்கவேல் அடுக்கியதில் மூன்றில் பச்சையின் துணையும் ஆறில் நீலமும் விழுந்துவிட்டன. ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு. குட்டைக் கேபிளாக இருந்தால் எப்படியோ சமாளித்திருக்கும். இத்தனை நீளத்தில் செய்தி சிதைந்தது, கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப அனுப்பியது, வேகம் செத்தது.

சோதனைக் கருவி பொய் சொல்லவில்லை. இழை அறுந்ததா என்றுதான் அதற்குப் பார்க்கத் தெரியும். எந்த இழை எதோடு முறுக்கப்பட்டது என்று அதை யாரும் கேட்கவில்லை.

இரண்டு முனைகளையும் வெட்டி, கம்பெனிக் கேபிளைப் பார்த்து அடுக்கி, கணவனின் கருவியாலேயே புது பிளக்குகள் பொருத்தினாள். மயில் தோகையோடு வந்தது.

மாலை மாணிக்கவேல் திரும்பினான். பையில் பாதிச் சேலைகள் அப்படியே இருந்தன. திரையைப் பார்த்ததும் வாட்டமெல்லாம் போய் முகம் மலர்ந்தது.

“பாத்தியா? அவனேதான். நான் கொஞ்சநஞ்சம் சந்தேகப்பட்டுகினு இருந்தேன். இப்ப இல்ல.”

வெட்டிய பிளக்குகள் அவள் உள்ளங்கையில் இருந்தன. தம்பியை இழந்ததற்கு அவனிடம் இருந்தது அந்த ஒரு காரணம்தான்.

“சாப்பிட வாங்க,” என்றாள்.

ஆடி பிறந்து சக்கரவர்த்தி கூப்பிட்டார். முதலாளி சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள். மாற்ற மாற்ற அங்கே போய்ச் சேர்ந்தது.

“ஜல்தியா வருதேம்மா! போன தடவ அப்படி இழுத்துச்சு. இன்னா பண்ணீங்க?” ஸ்பீக்கரில் குரல் நிறைந்தது. “தீபாவளி உங்களுதுதான், போங்க.”

மாணிக்கவேல் பின்னாலிருந்து முந்திக்கொண்டான். “தம்பி லைன விட்டுட்டோம் சார், அவ்ளோதான். அவன்தான் புடிச்சி வெச்சிகினு இருந்தான்.”

“கூடப் பொறந்தவங்களே அப்படித்தான்யா.”

நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் தமிழ்வாணன் யாருக்கோ புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அங்கே அவன் பேச்சு நின்றது. ஹேமலதாவின் கை மேஜை இழுப்பறையின் பிடிமேல் இருந்தது. உள்ளே அந்த இரண்டு பிளக்குகள்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்,” என்றாள். “அலகு இன்னும் சின்னதா வேணுமா, சொல்லுங்க.”