சாமியை இறக்கி வைத்துவிட்டு

தனேஸ்வரியின் கார் ஐந்தாவது தடவையாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது, சுகுமாறனுக்கு எங்காவது போய்ப் படுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. வேறு யாருடைய கார் என்றாலும், "கிள்ளானுக்குக் கொண்டு போங்க, அங்க காடி ரிப்பேர் பாக்குற பெரிய போமன் இருக்கான்" என்று கை கழுவியிருப்பான். இது கூடப் பிறந்த தங்கையின் கார். கழுவ முடியாது.

"இதான்ணே கடைசி," என்றாள் இறங்கும்போதே. கோலசிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து சட்டைகூட மாற்றாமல் நேரே வந்திருந்தாள். "இன்னிக்கும் சரியாவலன்னா காடிய இங்கயே போட்டுட்டு பஸ்ல போயிர்றேன். விஷாலினிய இனிமே இதுல ஏத்தவே மாட்டேன்."

சும்மா மிரட்டவில்லை அவள். போன வாரம் மகள் விஷாலினியைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு சுங்கை ஆயர் தாவாருக்குத் திரும்புகையில், ஆற்றுப் பாலத்தின் நட்ட நடுவே எஞ்சின் பொசுக்கென்று அணைந்துவிட்டது. பின்னால் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. அது போட்ட பிரேக்கில் குலைகள் நாலைந்து பாலத்தில் விழுந்து உருண்டனவாம். லோரியின் மூஞ்சிக்கும் பிள்ளை உட்கார்ந்திருந்த பின் சீட்டுக்கும் ஒரு முழம்தான் இருந்ததாம். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சுகுமாறன் சொன்ன பதில், "கிளச்ச அவசரமா விட்டிருப்ப" என்பதுதான்.

அவன் கெட்டவன் இல்லை, களைத்துப்போனவன். காரில் கம்பெனி வைத்திருந்த கம்ப்யூட்டர் எரிந்துபோய், அதே மாதிரி எங்கும் கிடைக்காமல், வெளியே வேறொன்றை வாங்கி ஒவ்வொரு ஒயராகத் தானே இழுத்துப் பொருத்தியவன் அவன். எஞ்சின் எப்படிச் சுற்றுகிறது என்பதை ஒரு சென்சார் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சென்சார் ஒயரில் வேறு மின்சாரத்தின் இரைச்சல் கலந்துவிட்டால் கம்ப்யூட்டர் குழம்பிப்போய் எஞ்சினை அணைத்துவிடும். நோய் இதுவாகத்தான் இருக்கும் என்று முதல் தடவையே ஊகித்துவிட்டான். சென்சாரை மாற்றினான், பிளக் ஒயரை மாற்றினான், சென்சார் ஒயருக்கு மேலே உறை போட்டான், பேட்டரி எர்த்தைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினான். ஆனால் பட்டறையில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் திரையில் கோடு ஒரு பிசிறு இல்லாமல் ஓடும். ஓட்டிப் பார்த்தாலும் ஓடும். அவள் கொண்டுபோனால் மட்டும் சாகும். மூன்று மாதமாக இதே கதை. பிறகு அவன் யாரைத்தான் சொல்வான்?

அன்றைக்கும் வழக்கம்போல முதலில் கையைக் கழுவிக்கொண்டு சாமியை இறக்கினான். டேஷ்போர்டில் சின்ன முருகன் ஒருவர். தலைக்குப் பின்னால் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி ஓடும் விளக்கு வட்டம். அதற்கு அடியில் வேலை பார்க்க வேண்டுமானால் தலை கீழே இருக்கும், கால் சீட்டின் மேலே இருக்கும். சாமிக்கு நேரே காலை நீட்டிக்கொண்டு கிடக்க அவனுக்கு என்ன கிறுக்கா? எந்தக் காரானாலும் சாமியின் ஒயரைக் கழற்றி, பட்டறையில் சாமி படங்கள் இருக்கும் படத்தட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவான். எல்லாம் முடிந்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, கடைசியாகச் சூடம் காட்டித் திரும்ப வைத்துச் சாவியைக் கொடுப்பான். இந்த முருகனை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். புதுக் கம்ப்யூட்டர் போட்ட அன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கையோடு மாட்டிவிட்டது.

ஒரு மணி நேரம் தலைகீழாகக் கிடந்தான். கழுத்து விட்டுப்போனது. எழுந்து லேப்டாப்பைப் பார்த்தால் கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் அழகைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது.

"நீயே பாரு. என்ன கொறை இதுல? நீயே உக்காந்து ஸ்டார்ட் பண்ணு. எப்பிடி மிதிக்கிறன்னு பாக்குறேன்."

தனேஸ்வரி எழுந்து படத்தட்டுக்குப் போனாள். முருகனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அத அப்புறம் வைக்கலாம்லா."

"இவர் இல்லாம நான் சாவியத் தொட மாட்டேன். அன்னிக்கு அந்த லோரிய நிறுத்துனது இவர்தான்," என்றவள் ஒயரைத் தானே சொருகிவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள்.

திரையில் கோடு மயிர்மயிராகப் பிசிறிக்கொண்டு எழுந்தது. எஞ்சின் ஒரு இருமல் இருமியது.

சுகுமாறன் திரைக்குக் கிட்டே போனான். "சாமி ஒயரக் கழட்டு," என்றான். கழற்றினாள். கோடு சீரானது. "மாட்டு." மறுபடி பிசிறியது. மூன்று தடவை மாட்டிக் கழற்றச் சொன்னான். நாலாவது தடவைக்குத் தேவை இருக்கவில்லை.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். பார்க்காமலே தெரிந்துவிட்ட விஷயம்தான். முருகனை மாட்டிய அன்று விளக்குக்குக் கைக்கு எட்டிய கறுப்பு ஒயரில் எர்த் கொடுத்திருந்தான். அது சென்சாரின் எர்த். விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் அந்த ஒயரை ஒரு உதை உதைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தொழில் பழகுகிற பையன்கூடச் செய்யமாட்டான். அன்று பக்தியில் செய்தான். அதன் பிறகு பக்தியிலேயே ஐந்து தடவையும் அந்த விளக்கைச் சாமியோடு கழற்றி, சோதனைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்தான்.

ஏதோ ஒயர் லூசு என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியவா போகிறது. சொல்ல வாயெடுத்தும்விட்டான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"தனேசு, தப்பு என்னோடது. சாமி வெளக்க மாட்டக்கூடாத ஒயர்ல மாட்டிட்டேன். அதான் காடி சாவுது."

அவள் எஞ்சினை அணைத்தாள். "அப்ப பாலத்துல?"

"அதுவும்தான்."

"நான் இவர்தான் காப்பாத்துனார்னு..."

"அவர் ஒன்னும் பண்ணல. நான் பண்ணுனது."

விளக்கு ஒயரை அடியோடு வெட்டி எடுத்தான். வேறு இடத்திலிருந்து இழுத்துத் தருகிறேன் என்றதற்கு, விளக்கே வேண்டாம் என்றுவிட்டாள். பிறகு, "நீயும் வா. பாலம் தாண்டுனதும் எறங்கிக்க," என்றாள். பஸ்ஸில் திரும்பி வந்துகொள்ளலாம் என்று அவனும் ஏறி உட்கார்ந்தான்.

பாலத்தில் ஏறினார்கள். பின்னால் லோரி ஒன்று வந்தது. கண்ணாடியில் அது பெரிதாகிக்கொண்டே வர, சுகுமாறன் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டான். இந்தப் பாலம் இத்தனை நீளம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. கார் சாகவில்லை.

பாசிர் பெனம்பாங் பக்கம் இறங்கியதும் அவளாகவே ஓரம் கட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தாள்.

"இனிமே ஒன்னும் ஆவாது, தனேசு."

"அதில்லண்ணே. ஒவ்வொரு தடவையும் நான் மிதிக்கிறதத்தான கொறை சொன்ன? நீ போமன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன். அன்னிக்கு லோரி வந்து நின்னதும் புள்ளயக் கட்டிப் புடிச்சிக்கிட்டு மன்னிப்பு கேட்டேன். அம்மாவுக்கு ஓட்டத் தெரியலடி, உன்னக் கொல்லப் பாத்துட்டேன்டின்னு. அதுலேர்ந்து என்கூட காடியில ஏறவே பயப்படுதுண்ணே."

இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. சுகுமாறன் கதவைத் திறக்கவில்லை.

"வீடு வரைக்கும் வர்றேன்," என்றான். "புள்ளகிட்ட நானே சொல்றேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள். சுங்கை ஆயர் தாவாருக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அந்தச் சின்னப் பிள்ளையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்க, அவனுக்கு அது போதவில்லை.