நன்றிப் பக்கத்தில் ஒரு பெயர்

பக்கத்து வீட்டுத் தவமலர் அன்ரியின் கணினியில் திலக்சன் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தியபோது, அவனுடைய மோட்டார் சைக்கிள் படலைக்கு வெளியே இயந்திரம் அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டு நின்றது. மைதானத்தில் ஆட்டம் தொடங்கியிருந்தது. அவனுக்கு முன்னால் துடுப்பெடுத்தாட வேண்டிய மூவரும் அதிக நேரம் நிற்கக்கூடியவர்கள் அல்லர்.

அன்ரியின் கணவர் பாக்கியரத்தினம் இறந்து அப்போது ஒரு கிழமைகூட ஆகவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். அச்சகத்துக்காரர் மாதிரிக்கு ஒரு பழைய மலரை பிடிஎஃப் கோப்பாக அனுப்பியிருந்தார். இனி வரப்போகும் பிரதியும் அப்படித்தான் வரும். அதைத் திறக்க வீட்டுக் கணினியில் ஒன்றும் இல்லை. அன்ரிக்கு ஒரு கண்ணில் வெண்புரை எடுத்தாகிவிட்டது, மற்றக் கண் இன்னும் மங்கல். ஃபோனில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. கணினித் திரையில் பெருப்பித்துப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அவரைப் பற்றி நான் எழுதுறதை நானே பாத்துச் சரியெண்டு சொல்லவேணும், தம்பி" என்றார். "வேற ஆரும் வாசிச்சுச் சொன்னால் மனம் ஆறாது."

பாக்கியரத்தினம் சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் வாங்கிய கணினி அது. விண்டோஸ் ஏழு. அது விழித்தெழுவதற்குள் ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். திலக்சன் தேடுபொறியில் இரண்டு சொற்களைத் தட்டினான். முதலில் வந்த தளத்தில் பெரிதாகப் பச்சை நிறத்தில் இருந்த பொத்தானை அழுத்தினான். அடுத்து, அடுத்து, சம்மதம். கட்டங்களில் ஏற்கனவே சரி அடையாளம் போட்டிருந்தது. எதற்கு என்று அவன் வாசிக்கவில்லை. உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் அவன். கண்ட கண்ட தளங்களில் எதையும் இறக்காதீர்கள் என்று மாதாமாதம் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறவனும் அவன்தான்.

மாதிரி மலர் திறந்தது. அன்ரி எழுத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தார். ஒரு வாழைப்பழத்தை அவன் கையில் வைத்தார். அவன் அதை வாயில் கவ்விக்கொண்டே ஓடினான்.

இறந்த எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு அன்றுதான் அந்தப் பொத்தானின் பலன் தெரிந்தது.

ஹோலில் பாக்கியரத்தினத்தின் படத்துக்கு மாலை போட்டு, அவருக்குப் பிடித்த கறிகளையெல்லாம் வாழையிலையில் படைத்திருந்தார்கள். படத்துக்குப் பக்கத்து மேசையில் கணினி. கந்தளாயிலிருந்து வந்திருந்த அவருடைய தமையன் சிவகுருநாதன் மாதிரி மலரைப் பார்க்கவேண்டும் என்றதால் அன்ரி அதை முன்பே போட்டுவைத்திருந்தார். கற்பூரம் ஏற்றி எல்லோரும் கைகூப்பி நின்ற நேரத்தில் பெரிய சத்தத்தோடு பாட்டொன்று வெடித்தது. திரை முழுவதும் அரைகுறை உடுப்போடு பெண்கள் ஆடினார்கள். அன்ரி பதறிப்போய் ஒன்றை மூட இரண்டு திறந்தன. கடைசியில் திலக்சன்தான் பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான்.

பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். யாரோ ஒரு பொடியன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான்.

"நான்தான் தெரியாமல் எங்கையோ அமத்திப்போட்டன், பெரியத்தான்" என்றார் அன்ரி. அவருடைய குரல் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

"உமக்கேன் இந்த வேலை?" என்றார் சிவகுருநாதன். கோபத்தைவிடக் கூச்சம்தான் அந்தக் குரலில் அதிகம். "அச்சகத்தானை எனக்கு அனுப்பச் சொல்லும். நான் ஃபோனிலை பாத்து முடிச்சுவிடுறன்."

அன்ரி தலையாட்டினார். திலக்சன் கையில் பிளக்கோடு நின்றான். அது அன்ரியின் பிழையில்லை என்று சொல்ல ஒரு வசனம் போதும். அதைச் சொல்லாமல் அவன் வயரைச் சுற்றி மேசைக்குக் கீழே வைத்தான். பாய்ந்துபோய்ப் பிடுங்கியதற்காக இரண்டு பேர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

பிறகு பல நாள் அவன் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. காலையில் படலையைத் திறக்கும்போது, ஊருக்குள் திரிகிற மான்கள் ஒழுங்கையில் நிற்பதைப் பார்ப்பதுபோல் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போனான். கணினி வெள்ளைத் துணியால் மூடிக் கட்டப்பட்டுவிட்டதாக அவனுடைய தாய் சொன்னார். பாவம், படத்துக்கு முன்னால் அப்படி நடந்துவிட்டதே என்று தவமலர் இன்னும் விளக்கேற்றும்போது மன்னிப்புக் கேட்கிறாளாம் என்றும் சொன்னார். தான் செய்யாத பிழைக்காக ஒரு பெண் இறந்த கணவனிடம் மன்னிப்புக் கேட்பது, செய்தவனுடைய காதில் விழுவதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன இருக்கிறது?

பிறகு அச்சகத்திலிருந்து மலரின் முதற்பிரதி அவனுடைய ஃபோனுக்கே வந்தது. "நன்றிப் பக்கத்தை மட்டும் தம்பி ஒருக்கால் பாக்கட்டாம், ஒருத்தரையும் விட்டிடக் கூடாதாம்" என்று தவமலர் அன்ரி சொன்னதாக அச்சகத்துக்காரர் எழுதியிருந்தார். அவன் கந்தோரில் இருந்தபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்தான். ஐயர், வைத்தியர், சொந்தக்காரர், பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள். கீழே இரண்டு வரிகள்: 'துயர் மிகுந்த வேளையில் பொறுமையோடு எனக்குக் கணினி இயக்கிக் காட்டிய அயல்வீட்டு மகன் திலக்சனுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றிகள்.'

எட்டுச் செலவுக்குப் பிறகு எழுதிய வரிகள் அவை. அவன் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

பக்கத்து மேசையில் இருந்த சுஹைரா பார்த்துவிட்டுக் கேட்டாள். அவன் முழுக் கதையையும் சொன்னான். அவள் கேட்டு முடிக்கும்வரை சிரிக்கவில்லை. பிறகுதான் சொன்னாள்:

"எங்களுக்கெல்லாம் மாதாமாதம் ஓதுற நீங்களோ பச்சை பட்டனை அமத்தினது?"

"சரி, சிரியும்."

"சிரிக்கயில்ல. இனி என்ன செய்யப் போறீங்க?"

கணினியைத் திருத்திக் கொடுக்கப் போவதாக அவன் சொன்னான். கணினி திருந்திவிடும், அன்ரி என்ன ஆவது என்று அவள் கேட்டாள்.

அன்று மாலையே போய்க் கணினியைத் திருத்தத் தரும்படி கேட்டான். அன்ரி மறுக்கவில்லை. "கொண்டு போங்கோ தம்பி. என்ர கைக்கு அது சரிவராது. உதிரிப்பாகத்துக்காவது உதவும்" என்றார். துணியைக்கூட அவிழ்க்காமல் அவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கணினியிலிருந்த குடும்பப் படங்களையெல்லாம் முதலில் வெளியே எடுத்து, கிருமி இல்லை என்று பார்த்து, தனியாக வைத்தான். பிறகு எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை முதலிலிருந்து போட்டான். அதன்பின் வாசிக்கும் மென்பொருள். அன்று ஐந்து நிமிடத்தில் முடித்த வேலைக்கு இந்த முறை மூன்று மதிய இடைவேளைகள் போயின. எல்லோரும் அறிந்த பெரிய மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். கணினியின் காற்றாடி கத்தியது, பக்கம் மட்டும் வரவில்லை. கோப்பை ஏற்றினால் அங்கேயே திறந்து காட்டுகிற இணையத்தளங்கள் இருந்தன. ஆனால் மலரில் அந்த வீட்டு முகவரியும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் பெயர்களும் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவனிடம் அதைக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. இன்னொன்று மிகவும் இலேசாக இருந்தது. எழுதியவர்கள் பல வருடமாக அதைத் தொடவில்லை என்று பிறகுதான் கண்டான். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லாத வீடு அது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒரு பாட்டுக் கோப்பின் அளவுதான் இருக்கும். எழுதியவர்கள் அதன் உள்வேலை முழுவதையும் யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தார்கள். பழைய விண்டோஸிலும் ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். கூடவே வேறெதையும் கூட்டிக்கொண்டு வராது. கோப்புக்குள் யாராவது ஒளித்துவைத்த கட்டளையை இயக்காது. வாசிக்கத் தரும், அவ்வளவுதான். அதை எழுதியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கி, சோதித்து, கந்தோர்க் களஞ்சியத்தில் கிடந்த அதே வயதுக் கணினியில் ஒரு நாள் ஓட விட்டுப் பார்த்தான். இரட்டிப்பாகப் பெருப்பித்தாலும் பக்கம் தடுமாறவில்லை. கணினியின் வயது காரணமாக இணைய வயரைக் கழற்றிவிடுவது, கோப்பைச் சோதித்துப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுப்பது என்றும் முடிவு செய்தான்.

இவ்வளவும் அன்றைக்கும் அவனுக்குத் தெரிந்தவைதான். அதுதான் அவனை வாட்டியது. தெரியாமல் செய்த பிழைக்கு அறியாமை துணைக்கு வரும். அவனுக்குத் துணை வர ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கணினியைக் கொண்டுபோனபோது சிவகுருநாதன் வந்திருந்தார். பிரதியை ஃபோனில் பார்த்து, சரி, நாளைக்கு அச்சடிக்கலாம் என்று சொல்லுவதற்கு இருந்தார். திலக்சன் கணினியை மேசையில் பொருத்தி, மலரைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டான்.

அன்ரி வரவில்லை. குசினி வாசலிலேயே நின்றார்.

"நான் தொட மாட்டன், தம்பி. திருப்பி அப்பிடி ஏதும் வந்தால் இவற்ற முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

அவர் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். நல்ல கணினி, நல்ல மென்பொருள், வாசிக்க வேண்டியவர் மட்டும் வாசலில். கந்தோரில் சுஹைரா கேட்டது அவனுக்கு அப்போதுதான் முழுவதுமாக விளங்கியது.

"அன்ரி, அண்டைக்கு நீங்கள் ஒண்டும் பிழையா அமத்தேல்லை" என்றான். "நான்தான். மச்சுக்குப் போற அவசரத்தில வாசிக்காமல் ஒரு கண்டறியாத சாமானைப் போட்டுவிட்டனான். அதுதான் அந்தப் படத்தையெல்லாம் கொண்டுவந்தது. நீங்கள் பழியை எடுக்கேக்கை நான் பக்கத்தில நிண்டனான். தெரிஞ்சுகொண்டு வாயைத் திறக்கேல்லை."

சிவகுருநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நான் இவவை எத்தினை பேருக்கு முன்னால..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

திட்டியிருந்தால் அவனுக்கு இலேசாக இருந்திருக்கும். அன்ரி திட்டவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். "கேட்டனீங்களே" என்று மட்டும் மெல்லச் சொன்னார். அது அங்கிருந்தவர்களுக்குச் சொன்னதல்ல. பிறகு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

முதற்பக்கத்திலிருந்து வாசித்தார். அம்புக்குறி அழுத்தும் ஒவ்வொரு முறையும் விரல் கொஞ்சம் தயங்கியது, பிறகு தயக்கம் குறைந்தது. கணவரைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நெற்றி சுருங்கியது.

"முனீப் தம்பியைக் காணேல்லை" என்றார்.

மூதூர் முனீப் பாக்கியரத்தினத்தோடு குதத்தில் வேலை செய்தவர். அவருக்கு நெஞ்சு நோ வந்த அன்று கேள்விப்பட்டு வான் வண்டியும் சாரதியுமாக வந்து, அவரைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். கடைசித் தண்ணீரை வாயில் விட்டவரும் அவர்தான். அன்ரி அவரைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தார்.

சிவகுருநாதன் தலை குனிந்தார். பக்கத்தில் இடம் காணாது என்று அச்சகத்தில் சொன்னதால், சொந்தக்காரரை விட ஏலாதென்று தான்தான் அந்த இரண்டு வரியை எடுக்கச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். ஃபோனில் அதெல்லாம் பெரிதாகப் படவில்லை என்றார்.

"என்ர பெயரை எடுங்கோ அன்ரி" என்றான் திலக்சன். "அதுவும் ரெண்டு வரிதான். எனக்கு அது பொருந்தாது."

அன்ரி திரையில் அந்த இரண்டு வரிகளை இன்னொரு தரம் வாசித்தார். எடுக்காவிட்டால் அந்த வரிகள் அவனை ஆயுளுக்கும் குத்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஓம், எடுக்கிறன்" என்றார். "ஆனால் முப்பத்தொண்டு அண்டைக்குப் பந்தியில நீங்கள்தான் தண்ணி வைக்கவேணும். மச் கிச் எண்டு ஓடக் கூடாது."

முப்பத்தோராம் நாள் திலக்சன் செம்போடு வரிசை வரிசையாகப் போனான். முனீப் சாப்பிடுவதற்கு முன்பே மலரைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் கண்டுவிட்டார் போலிருக்கிறது. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. திலக்சன் அவருடைய கோப்பையை நிரப்பினான். அவர் மலரிலிருந்து கண்ணை எடுக்காமலே குடித்தார். அவன் மறுபடியும் நிரப்பினான்.

அடுத்த இலையில் சிவகுருநாதன் இருந்தார். தண்ணீரை வாங்கிக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காதபடி, கந்தளாயில் தன்னிடமும் ஒரு பழைய லப்டொப் கிடக்கிறது, அந்தச் சின்ன மென்பொருளை அதிலும் போட்டுவிட ஏலுமோ என்று கேட்டார்.

"ஏலும்" என்றான் திலக்சன். "அவசரப்படாமல் ஆறுதலா இருந்து போடவேணும். ஒரு நாள் காலமை வாறன்."

குசினி வாசலிலிருந்து அன்ரி கூப்பிட்டார். பின் பந்தியில் தண்ணீர் முடிந்துவிட்டதாம். அவன் செம்பை நிரப்பிக்கொண்டு போனான்.