இடக்கால் சரியில்லை

திங்கட்கிழமை பின்னேரம் ஆறு மணியானால் விக்ரோரியாவுக்குத் தலையிடி தொடங்கிவிடும். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் கட்டில் விரித்துக் களைத்து வருகிறவளுக்கு, சாப்பாட்டு மேசையில் ரைப்ரைட்டரும் அதற்குப் பின்னால் கொப்பியோடு அப்பாவும் காத்திருப்பார்கள்.

அப்பா பஸ்தியாம்பிள்ளை யாழ்ப்பாணத்தில் கல்லூரியொன்றில் இருபத்திரண்டு வருடம் கிரிக்கெற் பழக்கியவர். எண்பத்து நாலாம் ஆண்டின் கடைசியில் மனைவியையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு டென்மார்க்குக்கு வந்து, வைலே என்ற ஊரில் வீடு கிடைத்தபோது, இந்தக் குளிர் நாட்டிலும் பாய் விரித்துக் கிரிக்கெற் ஆடுகிறவர்கள் இருப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. இருந்தார்கள். இரண்டாவது ரீமுக்கு ஆள் போதாமல் தவித்துக்கொண்டும் இருந்தார்கள். ஊரிலிருந்து அகதிகளாக வந்திருந்த இளைஞர்கள் எட்டுப் பேரைத் திரட்டிக் கொடுத்துவிட்டு, பயிற்சியையும் தன் தலையிலே போட்டுக்கொண்டார் பஸ்தியாம்பிள்ளை.

முதலாவது ரீமின் கப்ரின் ஹென்னிங்குக்கு இவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ரீமும் வேறு வேறு ஊர்களில் நிற்கும். ஆகவே யார் எப்படி ஆடுகிறார்கள், யாரை மேலே எடுக்கலாம் என்று ஒவ்வொரு கிழமையும் பஸ்தியாம்பிள்ளை அறிக்கை கொடுக்க வேண்டும். அவர் தமிழில் சொல்ல, மகள் டேனிஷில் அடிப்பாள். செவ்வாய்க்கிழமை அது கழகத்துச் சுவரில் ஏறும். வியாழக்கிழமை ஹென்னிங் ரீமை அறிவிப்பார்.

"எழுது பிள்ளை. ஆனந்தராஜா." அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்ல ஊக்கமுள்ள பிள்ளை. துடுப்பைப் பிடிக்கிற பிடி வடிவு. பெரிய எதிர்காலம் இருக்கு."

"அப்பா, அவர் நேற்று மூண்டு ஓட்டம்தானே எடுத்தவர்? கைக்கு வந்த ரெண்டு கட்சையும் விட்டவர்."

"வெய்யில் கண்ணுக்குள்ள அடிச்சது."

"டென்மார்க்கில வெய்யிலோ! நேற்று முழுக்க மழை தூறினது."

"நீ அடி பிள்ளை. ஆரோ பெத்த பிள்ளை. குறை சொல்லி எழுதக்கூடாது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். அடுத்த பெயர் என்னவென்று தெரியும். அந்தப் பெயருக்காகத்தான் தலையிடியே.

"நிக்கலஸ்," என்றார் அப்பா. குரல் தாழ்ந்தது. "பந்து வீச்சு பரவாயில்லை. இன்னும் கனக்கப் பழக வேணும். இடக்கால் சரியில்லை."

விக்ரோரியாவின் விரல் எழுத்தின் மேலேயே நின்றுவிட்டது. "இருபத்தொரு ஓட்டத்துக்கு ஐஞ்சு விக்கெற் எடுத்திருக்கிறார் அப்பா!"

"விழுந்தது அடிக்கத் தெரியாதவங்கட பிழை."

"போன கிழமை நாலு. அதுக்கு முந்தின கிழமையும் நாலு. மூண்டு கிழமையும் நீங்கள் சொன்னது இந்த இடக்கால் ஒண்டுதான்."

"ஓம், மூண்டு கிழமையும் அது சரியில்லைத்தானே?"

குசினிக்குள்ளிருந்து அம்மா மேரிகிறேஸ் எட்டிப் பார்த்தாள். "அப்பா சொல்லுறதை அடிச்சுக் குடுவன் பிள்ளை. இடியப்பம் ஆறுது."

அவள் அடித்தாள். 'இடது கால் சரியில்லை' என்பதை எத்தனை விதமாக டேனிஷில் சொல்லலாமோ அத்தனை விதமும் அவளுக்கு இப்போது பாடம். அந்த வருடம் மொழிப் பாடசாலையில் முதலாவதாக வந்தவள் படிப்பை வைத்துச் செய்கிற காரியம் இது: தன் மனத்துக்குப் பிடித்தவனைத் தன் விரலாலேயே மட்டம் தட்டுவது.

மாசி மாதம் தொடங்கியது அந்தப் பழக்கம். பூசை முடிந்து பேருந்துக்கு நிற்கையில், உறைபனியில் வழுக்கப் போனவளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "பாத்து நடவும்," என்று மட்டும் சொன்ன மன்னார்ப் பையன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே பேருந்தில் வந்தான். ஆடி மாதம் பிறந்தும் கதை அந்தப் பேருந்தைத் தாண்டவில்லை. முதலில் அவள் அப்பாவான மாஸ்ரரிடம் நல்ல பேர் எடுக்க வேண்டும், பிறகு முறையாக வந்து கேட்க வேண்டும் என்பது அவன் எண்ணம். நல்ல பேரோ சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் மைதானத்துக்குப் போய் அறிக்கையைச் சுவரில் ஒட்டிவிட்டு நின்றபோது ஆனந்தராஜா வெள்ளைக் காற்சட்டையோடு ஓடி வந்தான். "அக்கா, மாஸ்ரர் எனக்கு என்ன எழுதினவர்?"

"பெரிய எதிர்காலம் இருக்காம்."

"எனக்கோ?" அவனுக்கே நம்ப முடியவில்லை. "அக்கா, நான் முந்தி முதலாம் ரீமுக்குப் போன ரெண்டு ஆட்டத்திலயும் சைபர். இந்த முறையும் என்னை எடுத்தால் அவங்கள் என்னைக் கட்டி வைச்சு அடிப்பாங்கள். கொஞ்சம் குறைச்சு எழுதச் சொல்லுங்கோவன்!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் திரும்பினாள். நிக்கலஸ் சுவருக்கு முன்னால் நின்றான். வாசித்து முடித்துவிட்டான் என்பது அவன் தோளிலேயே தெரிந்தது.

"சனிக்கிழமை இந்த ஊரை விட்டு ஓல்போர்க் போறன்," என்றான் திரும்பாமலே. "அங்கை ஆஸ்பத்திரிக் குசினியில வேலை சரிவந்திருக்கு. ஒப்பம் வைச்சிட்டன்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"என்னத்தைக் கேக்கிறது? மாஸ்ரருக்கு என்னைக் கண்ணில காட்டக்கூடாது. ஐஞ்சு விக்கெற் எடுத்தும் பரவாயில்லை எண்டால், நான் வந்து பெண் கேட்டால் என்ன சொல்லுவார்? உம்மட வாசல்ல வைச்சும் இடக்கால் சரியில்லை எண்டுதான் சொல்லுவார்."

"அவர் சொல்லுறார் எண்டதுக்காக..."

"ரைப் அடிச்சது நீர்தானே?" என்றான் நிக்கலஸ். அதில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

வீட்டுக்கு நடந்தே வந்தாள். அப்பா மீது ஒரு கொதி, இவன் மீது இன்னொரு கொதி. ஒருவர் வாயைத் திறந்து நல்ல சொல் ஒன்று சொல்ல மாட்டார். மற்றவன் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க மாட்டான். நடுவில் அவள் ரைப்ரைட்டரோடு சாக வேண்டும். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்.

புதன்கிழமை பின்னேரம், யாரும் எதிர்பாராமல், ஹென்னிங் வீட்டுக்கு வந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். வாசலில் குனிந்துதான் நுழைந்தார். மேரிகிறேஸ் ஓடிப்போய்க் கட்லற் பொரித்துத் தேத்தண்ணியோடு வைத்தாள். அவர் ஒன்றைக் கடித்துக் கண் கலங்கி, தண்ணீர் குடித்து, மரியாதைக்கு இரண்டாவதையும் எடுத்தார்.

"உங்கள் அறிக்கைகள் நல்ல டேனிஷில் இருக்கின்றன," என்றார் விக்ரோரியாவைப் பார்த்து. "என் அலுவலகத்தில் இப்படி எழுத ஆள் இல்லை."

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார். அவள் சொன்னாள். சொன்னதுதான் தாமதம், அப்பா பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். "நோ, நோ, சேர்! மகளுக்கு டேனிஷ் ஒண்டும் தெரியாது. சும்மா கொஞ்சம், கொஞ்சம்," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். அதற்குள் அம்மா குசினிக்குள் போய் உப்புப் போத்தலைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாடசாலையில் முதலாவதாக வந்த அன்று அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி மின்சார அடுப்பில் போட, மேல்மாடிக்காரர் இருமிக்கொண்டே வந்து கதவைத் தட்டியதை விக்ரோரியா மறக்கவில்லை. யாராவது புகழ்ந்துவிட்டால் நாவூறு பட்டுவிடுமாம். அதனால் அப்பா முந்திக்கொண்டு குறை சொல்லிவிடுவார். பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்தது அது.

ஹென்னிங் வந்த விஷயத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை இவர்களோடு விளையாடித் தோற்ற ரீமின் கப்ரின் தொலைபேசி எடுத்தாராம். அந்த வேகப்பந்து வீச்சாளன் யார், அவனை ஏன் இரண்டாவது ரீமில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

"நிக்கலஸோ?" அப்பாவின் முகத்தில் ஒரு கணம் விளக்கு எரிந்து, உடனே அணைந்தது. "சீச்சீ. அவன் எங்கட பெடியன், சேர். ஒண்டும் பெரிசா இல்லை. இடக்கால்..."

விக்ரோரியா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

மகளுக்கு டேனிஷ் தெரியாது. மனைவியின் சமையல், விருந்தாளி வந்தால், வாயில் வைக்க முடியாது. நிக்கலஸுக்கு இடக்கால் சரியில்லை. ஆனால் ஆரோ பெத்த பிள்ளை ஆனந்தராஜாவுக்கோ பெரிய எதிர்காலம்!

"அப்பா," என்றாள் மெதுவாக. "நிக்கலஸ் எப்ப தொடக்கம் எங்கட பெடியன்?"

அப்பா கட்லற் தட்டை உற்றுப் பார்த்தார். பதில் குசினியிலிருந்து வந்தது.

"இஞ்சாருங்கோ, இனியென்ன, சொல்லுங்கோவன்," என்றபடி மேரிகிறேஸ் கைப்பிடி உப்போடு வெளியே வந்தாள். "வைகாசியிலயே அவரின்ர தாய்க்கு மன்னாருக்குக் கடிதம் போட்டாச்சு. அந்தப் பிள்ளை உன்னைப் பேருந்தில பாக்கிற பார்வை எங்களுக்குத் தெரியாதோ? சண்டைக்குள்ள கடிதம் போய்ச் சேர்ந்துதோ என்னவோ. மறுமொழி வரட்டும், பிறகு உனக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள்."

"வைகாசியில!" விக்ரோரியா எழுந்தே விட்டாள். "பிறகேன் அவரை மூண்டு கிழமையா இப்பிடி நாறடிச்சனீங்கள்?"

"நாலு பேர் பாக்கிற சுவரில வரப்போற மருமகனைப் புகழ்ந்து எழுதுறதோ?" என்றார் அப்பா. அவருக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை. "கண் படாதோ?"

"அந்த மருமகன் சனிக்கிழமை ஓல்போர்க் போறார். நீங்கள் அவரை வெறுக்கிறியள் எண்டு நினைச்சு. வேலைக்கு ஒப்பமும் வைச்சாச்சு."

அம்மாவின் கையிலிருந்து உப்பு கம்பளத்தில் கொட்டியது. எதுவும் விளங்காத ஹென்னிங், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது கட்லற்றை எடுத்தார்.

விக்ரோரியா அவர் பக்கம் திரும்பி, டேனிஷில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இருபத்தொரு ஓட்டத்துக்கு ஐந்து. அதற்கு முன்பு நாலு, நாலு. மூன்று கிழமையில் பதின்மூன்று விக்கெற். ஹென்னிங் கடதாசித் துவாலையில் எழுதிக்கொண்டார். "அப்படியானால் அந்த மற்றவர், பெரிய எதிர்காலம் உள்ளவர்?"

"அவர் தன்னை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார்," என்றாள்.

ஹென்னிங் போன கையோடு அப்பாவைக் கோட்டுப் போட வைத்து இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். நிக்கலஸ் இருந்த அறை இரண்டு தெரு தள்ளி. வழி நெடுகச் சொல்லிக் கொடுத்தாள். "நல்லதாய் ஒரு வார்த்தை, அப்பா. ஒண்டு காணும். 'தம்பி, நல்லாப் போடுறாய்.' அவ்வளவுதான்."

"ஓம், ஓம்," என்றார் அப்பா, பரீட்சைக்குப் போகிற பையனைப் போல.

கதவைத் திறந்த நிக்கலஸுக்குப் பின்னால் கட்டிலில் பெட்டி பாதி அடுக்கியபடி கிடந்தது. மாஸ்ரரைக் கண்டதும் அவன் சட்டைப் பொத்தானைப் பூட்டினான். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஆரைக் கேட்டடா ஓல்போர்க் போறாய்?" என்று வெடித்தார் அப்பா. "ஆஸ்பத்திரிக் குசினியில உருளைக்கிழங்கு உரிக்கவோ நான் உன்னை வெய்யில் மழை பாராமல் பழக்கினனான்? அறிவில்லையே உனக்கு?"

நிக்கலஸின் முகம் விழுந்துபோயிற்று. விக்ரோரியா தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, நிக்கலஸ், இப்ப இவர் உங்களைப் புகழுறார்!" என்றாள் பொறுக்கமாட்டாமல். "ஆனந்தராஜாவை ஒரு நாளாவது இப்பிடிப் பேசினவரோ? எனக்கு டேனிஷே தெரியாது எண்டு ஊர் முழுக்கச் சொல்லுறவர் இவர். தன்ரை எண்டு நினைக்கிற ஆளைத்தான் குறை சொல்லுவார். வைகாசியில உங்கட அம்மாவுக்குக் கடிதம் போட்டிருக்கினம், எங்கட விஷயமா. என்னட்டையும் சொல்லேல்லை, உங்களிட்டையும் சொல்லேல்லை!"

நிக்கலஸ் அவளைப் பார்த்தான். பிறகு மாஸ்ரரைப் பார்த்தான். மாஸ்ரர் யன்னலுக்கு வெளியே எதையோ மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. நிக்கலஸ் திரும்பிப் போய், சத்தமில்லாமல், பெட்டியின் மூடியைத் திறந்து மேலே கிடந்த வெள்ளைச் சட்டையை வெளியே எடுத்தான்.

"அங்கை நாளைக்கு ரெலிபோன் எடுத்து வேண்டாம் எண்டு சொல்லுறன்," என்றான். சட்டையைக் கட்டிலில் வைத்தான். "அப்ப மாஸ்ரர், இடக்கால்... அது சும்மா எழுதினதோ?"

"சும்மாவோ?" அப்பா நிம்மதியோடு திரும்பினார், கடைசியில் அவருக்குத் தெரிந்த விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். "அது உண்மையடா! வீசுற கோட்டைத் தாண்டிக் காலை வைக்கிறாய். இஞ்ச வா, காட்டுறன்."

போட்டிருந்த கோட்டைக் கழற்றி மகளின் கையில் திணித்துவிட்டு, அறைக்கு வெளியே இருந்த ஒடுங்கிய நடைக்கு வந்து, சப்பாத்துக் காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று காட்டத் தொடங்கினார். நிக்கலஸ் வெறுங்காலோடு அவருக்குப் பின்னால் ஓடி வந்து ஊன்றினான். "இன்னும் உள்ளுக்கு! உனக்குச் சொல்லிச் சொல்லி நான் செத்துப்போவன்!"

விக்ரோரியா கோட்டோடு சுவரில் சாய்ந்தாள். இனி வாழ்நாள் முழுக்க இந்த இரண்டு பேரோடும்தான் என்று நினைக்கத் தலையிடி மறுபடி தொடங்கியது. அவள் அதைப் போக்க ஒன்றும் செய்யவில்லை.