இரட்டைப் பூட்டுப் பேழை

பீர்க்கன்கரணை ஏரியின்மேல் மாலைக் கதிரவன் செம்பொன்னைக் கரைத்து ஊற்ற, மேடவாக்கம் நோக்கி விரையும் தண்ணீர் ஊர்திகள் தெருவெல்லாம் நனைத்துச் செல்ல, சிறுசேரியில் பகலெல்லாம் கணினிமுன் குனிந்திருந்த இளையோர் களைத்து வீடு திரும்ப, தாம்பரத்து மின்தொடர்வண்டிகள் ஓயாது கூவிய அவ்வேளையில், சான்றோரே, ஒரு சிறுவீட்டின் வாயிலில் சவப்பெட்டி ஒன்று மூடப்படாமல் காத்திருந்தது.

உள்ளே கிடந்தவர் ஜீவரத்தினம். அருகே நின்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் தயாளன். தொடர்வண்டிப் பணியாளரும் ஆசிரியரும் கூடி முன்னாளில் நிறுவிய உடன்பிறந்தார் கழகத்தில் நேற்றுவரை எஞ்சியிருந்தோர் இவ்விருவரே. உறுப்பினர் ஒருவர் மறைந்தால், வெள்ளிக்கதிர் பொறித்த நீலப்பட்டுக் கழுத்தணியை அவருக்குப் பூட்டி, கருங்காலிச் சுத்தியால் மும்முறை தட்டி, பெயர்சொல்லி விடைகொடுத்து, அணியைக் கழற்றிக்கொண்டு அடக்கம் செய்வது அவர்தம் வழக்கம். அவ்விடை ஒன்றையே ஜீவரத்தினம் இறுதிவரை வேண்டிக் கிடந்தார்.

ஆனால் அணியும் சுத்தியும் உறங்கிய தேக்குப் பேழைக்குப் பூட்டுகள் இரண்டு, திறவுகோல்கள் இருவரிடம். ஒளித்த இடத்தை மனைவிக்கும் உரைப்பதில்லை, மற்றவருக்கும் உரைப்பதில்லை என்பது ஆணை. தம்முடையதைத் தயாளன் கையோடு கொணர்ந்திருந்தார். மற்றொன்றைத் தேடி வீட்டையே கவிழ்த்தாயிற்று, அகப்படவில்லை. என்ன கழகமோ, என்ன ஆணையோ! போகிற மனிதர் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

"ஒடைச்சிடுங்கண்ணா," என்று அழுதார் மனைவி சாராள். "அவரு ஆசப்பட்டது இது ஒண்ணுதான்."

"ஒடைக்க மாட்டோம்னு பைபிள் மேல கைவெச்சு சத்தியம் பண்ணியிருக்கோம்மா. அவனுந்தான் பண்ணான்."

சொல்லிவிட்டாரேயன்றி, தோழரின் வெறுங்கழுத்தைப் பார்க்கப் பார்க்க அவர் நெஞ்சு வெந்தது. வெந்தும் கடப்பாரையைத் தொடவில்லை. இருட்டுகிறது என்று போதகர் விரைவுபடுத்தவே, சவப்பெட்டியை மூடினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் குழி நிரம்பி, மண்மேட்டில் மாலைகள் சாத்தி, வந்தோர் கலைந்தபின், சாராள் தமக்குத்தாமே பேசுபவர்போல் சொன்னார்: "அந்தக் கருப்பு கோட்ட மட்டும் சலவைக்குப் போடவே வுடமாட்டாரு. உள்துணில என்னமோ கனமா வெச்சுத் தச்சிருந்தாரு. கேட்டா, தொடாதம்பாரு. அதத்தான போட்டு அனுப்..."

அம்மொழி முடியவில்லை, இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தோ! தேடிய திறவுகோல் இவ்வளவு நேரமும் ஜீவரத்தினத்தின் மார்பின்மேலேயே கிடந்திருக்கிறது. தயாளன் மண்மேட்டருகே உட்கார்ந்துவிட்டார்.

நெடுநேரம் கழித்து, "இப்பவாவது அந்தத் தேக்குப் பெட்டிய ஒடைச்சிடலாமாண்ணா?" என்றார் சாராள்.

"யாருக்கும்மா?"

தோழர் இருவரும் வாக்குத் தவறவில்லை. ஒருவர் விடைபெறாமலே போனார். மற்றவர் போகும் நாளில் பெயர்சொல்லி விடைகொடுக்க இனி எவரும் இல்லை.