பத்துக்கு இரண்டு

பெயின்டர் ஏணியோடு சரிந்து வலது தோள் எலும்பு முறிந்து பதினொரு வாரம் ஆகியிருந்தது. தகடு வைத்து, திருகாணி முடுக்கி, தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். கை மறுபடி தலைக்கு மேலே போகுமா, போகாதா? வீட்டில் இதைத் தவிர வேறு கேள்வியே இல்லை. கதவும் கம்பியும் யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். சீலிங் அடிப்பதில்தான் அவருக்குப் பேர். கீழே ஒரு சொட்டு விழுந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சவால் விடுவார். மீசை இன்னும் இருந்தது.

எலும்பு பாட்டுக்கு ஒட்டட்டும் என்று சும்மா விடுகிற வீடா அது?

அவர் மனைவி காலையும் மாலையும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளிடம் பேசுவாள். அரைமணி நேரம் கழித்து முகம் தெளிந்து வருவாள். அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். "அவர்கிட்ட ஒப்படைச்சாச்சு. அதுக்கப்புறமும் வலிக்குது வலிக்குதுன்னு பாடினா, அவரை நம்பலன்னுதானே அர்த்தம்?"

அவள் தம்பி கார் விற்கிற ஷோரூமில் வேலை பார்த்தான். மூன்று வருடம் முன்னால் வேலை போய், ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன். ஏதோ ஒரு வகுப்பில், தினமும் நல்லதையே நினை, நல்லதையே சொல் என்றார்களாம். சொன்னான், எழுந்தான், வேலையும் வாங்கினான். கண்ணெதிரே நடந்த சங்கதி, சிரித்துத் தள்ளவும் வழியில்லை. அதே மருந்தை இப்போது மாமாவுக்குக் கொடுக்க ஆரம்பித்தான். 'என் தோள் நாளுக்கு நாள் வலுவாகிறது' என்று தாளில் எழுதி, கண்ணாடிக்குப் பக்கத்தில், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே, கழிவறைக் கதவில் எல்லாம் ஒட்டிவைத்தான்.

"டேய் மாப்ள, டேப்பைப் பிச்சா பெயின்டும் சேர்ந்து வந்துடும்டா! மூணு கோட் அடிச்ச சுவர்டா அது!"

"நெகட்டிவா பேசாதீங்க மாமா."

சொந்தச் சுவருக்காகக்கூட வாய் திறக்கக் கூடாதென்றால் மனிதன் என்னதான் செய்வான்?

புதன்கிழமைதோறும் மருத்துவமனையில் பயிற்சி. பிசியோதெரபி அம்மா கறாரானவர். முதலில் எப்போதும் ஒரே கேள்விதான். "வலி பத்துக்கு எவ்வளவு?"

முதல் புதன்கிழமை பெயின்டர் உள்ளதைச் சொன்னார். "எட்டு."

அவ்வளவுதான். கூட வந்த இரண்டு பேர் முகமும் செத்துப்போயிற்று. வரும் வழியெல்லாம் மனைவி பேசவே இல்லை. மைத்துனன் மட்டும், "நீங்க எட்டு எட்டுன்னு சொல்றதாலதான் மாமா அது எட்டாவே நிக்குது" என்றான். இதைக் கேட்பதைவிட வலியே தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த வாரம் ஆறு என்றார். அதற்கடுத்து நாலு. பிறகு இரண்டு. வலி என்னவோ எட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

ஆனால் வீட்டில் என்ன சந்தோஷம்! அந்தச் சந்தோஷத்தில் ஒரு சண்டையும் உண்டு.

"பாத்தியா, கடவுள் காதுல விழுந்திருச்சு."

"அக்கா, உன் கடவுளா இத்தனை பேப்பர் ஒட்டினாரு?"

"ஒட்டறதுக்குக் கையைக் கொடுத்தது யாருடா?"

இரண்டு பேரும் இப்படி மல்லுக்கு நிற்க, பெயின்டர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், இதில் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவர் எண்ணைக் குறைக்கக் குறைக்க, பிசியோதெரபி அம்மா எடையைக் கூட்டிக்கொண்டே போனார். வலி இல்லை என்றால் எலும்பு தயார் என்பது அவர் கணக்கு. அரைக் கிலோ ஒரு கிலோவானது. ஒரு கிலோ இரண்டானது.

இரண்டு கிலோவைத் தூக்கிய அன்று தோளுக்குள் ஏதோ 'நறுக்' என்றது. கண்ணில் பூச்சி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு?"

"ரெண்டுதாங்க."

அடுத்த நாள் கை மடியை விட்டு எழவே இல்லை. இடது கையால் சாப்பிட்டார். "இதுக்கும் கொஞ்சம் பழக்கம் வேணாமா?" என்று சிரித்துவேறு காட்டினார். என்ன சொல்ல!

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் எடுக்கப் போனவர் படுக்கையறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. உள்ளே மனைவி பேசிக்கொண்டிருந்தாள். அவர் நினைத்திருந்த மாதிரி இல்லை.

"என்னால முடியல சாமி. அவர் பொய் சொல்றார்னு எனக்குத் தெரியாதா? தூக்கத்துல முனகுறார். சட்டை மாட்ட முடியாம தவிக்கறதைப் பாத்துட்டு, பாக்காத மாதிரி வந்துடறேன். கேட்டா நிஜத்தைச் சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கு. உன் மேல கோவமா வருது. ஏணியில நின்னவரைப் பிடிக்க உனக்கு ஒரு கை இல்லாமப் போச்சா?"

பெயின்டருக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, பொறாமை. இவளுக்குச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அத்தனையும் கொட்டிவிட்டு வந்து, என்னை மட்டும் வாயை மூடு என்கிறாளே! ஆத்திரத்தில் கதவைத் தள்ளினார்.

"எட்டு," என்றார். "அன்னிக்கும் எட்டுதான். இப்போ ஒன்பது."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. அதிரவும் இல்லை. "கிளம்புங்க," என்றாள்.

எக்ஸ்ரே படத்தில் இரண்டு திருகாணி கழன்று தகடு விலகி நின்றது. பிசியோதெரபி அம்மா படத்தைப் பார்த்தார். பிறகு, ஷோரூமிலிருந்து ஓடிவந்திருந்த மைத்துனனையும் சேர்த்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொன்ன நம்பரை நம்பித்தானே நான் எடை ஏத்தினேன்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே!"

மறுபடி அறுத்து, வேறு தகடு வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்தார். "கை தோள் உயரம் வரைக்கும் வரும். அதுக்கு மேல எதிர்பார்க்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மைத்துனன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"சொல்லேன்டா," என்றார் பெயின்டர்.

"ஒண்ணும் தோணல மாமா. நான் திரும்பப் படுத்துடுவேனோன்னு எனக்குத் தினமும் பயம். அதான் அப்படிக் கத்திக்கிட்டே இருக்கேன். உங்களையும் பேச விடாம பண்ணிட்டேன்."

பரவாயில்லை என்று பெயின்டர் சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயம் அது. பக்கத்தில் உட்காரச் சொன்னார், அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மேலே விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம், "நீ தினமும் பேசுறியே, அதை எப்படி ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார்.

"மனசுல இருக்கறதைச் சொல்லணும். அவ்ளோதான்."

"குணமாக்குன்னு கேக்கணுமா?"

"கேக்கலாம். கேக்காமலும் இருக்கலாம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு அதுல இப்போ எதுவும் நிச்சயமாத் தெரியலங்க."

பெயின்டர் கண்ணை மூடினார். அவருக்குப் பழக்கம் கிடையாது. வேலை கொடுக்கிற வீட்டுக்காரரிடம் பேசுவதைப் போல மரியாதையாகத்தான் வந்தது.

"வணக்கங்க. ரொம்ப வலிக்குதுங்க. இனிமே என்னால சீலிங் அடிக்க முடியாதாம். எனக்கு வேற எதுவும் அவ்வளவு நல்லா வராதுங்க. நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல."

நிறுத்தினார். அப்படிச் சொல்லாதீங்க என்று இரண்டு பக்கமிருந்தும் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. மனைவி அழுதுகொண்டிருந்தாள். மைத்துனன் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் இருக்குங்க," என்றார் பெயின்டர், கண்ணைத் திறக்காமலே.