யார் பக்கத்து ரத்தம்?

அறுவடை மெஷின் உறுமிக்கொண்டு வயலில் இறங்கியதும், நான்கு வயது எல்சி காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பயந்த பிள்ளை அம்மாவிடம் வர வேண்டாமா? கைகளை விரித்து நின்ற பாத்திமா மேரியைத் தாண்டிப் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் சுருண்டுகொண்டாள்.

மேரி அங்கே போவதற்குள் கணவன் ரெமிஜியஸ் போனும் கையுமாக வந்தான்.

"ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு மேரி! எல்சியோட ஆட்டிசத்துக்குக் காரணம் ஒரு ஜீன் மாறினதாம். ரொம்ப அபூர்வமாம். உன்கிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல, அவகிட்ட புதுசா வந்ததாம். உன் வம்சத்தைக் குத்திக்காட்ட இனி எங்கக்கா வாயைத் திறக்கட்டும், பாத்துக்கறேன்!"

மேரியின் கண் வைக்கோல் போரை விட்டு நகரவில்லை.

"என்னடி, சந்தோஷப்படுவேன்னு பார்த்தா?"

"என்கிட்டேருந்து வந்திருக்கக் கூடாதாங்க? அவளுக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சமாவது எனக்குத் தெரிஞ்சிருக்குமே."