ராஜாம்பாள் கடையில் சொன்ன கதை

பெரிய மார்க்கெட்டைச் சுற்றிக் காட்டுவதில் ஜோசப் ஆனந்தை மிஞ்ச ஆளில்லை என்று ஓட்டல்காரர்கள் சொல்வார்கள். முத்தியால்பேட்டைக்காரன். பிரெஞ்சு அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிரான்சிலிருந்து வருகிறவர்களைக் காலை எட்டு மணிக்கெல்லாம் நேரு வீதிப் பக்கமாக உள்ளே அழைத்துப்போய், பூக்கடைச் சந்தில் மூக்கு விரியவைத்து, மீன்கடைகளில் அதே மூக்கைப் பொத்தவைத்து, மணிக்கூண்டின் கீழே நிறுத்தி வெள்ளைக்காரன் காலத்துப் பெருமைகளை அளந்துவிடுவான். அளப்பதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஊர் பார்க்க வந்தவர்களா சரிபார்க்கப் போகிறார்கள்?

சுற்று முடிகிற இடம் ராஜாம்பாளின் பழக்கடை. கடை என்றால் தரையில் விரித்த இரண்டு சாக்கு. தவளக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் கொய்யாவும் சப்போட்டாவும் வாழைப்பழமும் கொண்டுவந்து உட்காருவாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், பழத்தைப் படம்பிடித்துவிட்டு நகரப்பார்த்த கூட்டத்தை நிறுத்துவதற்காக ஜோசப் பிரெஞ்சில் ஒன்று சொன்னான்.

"பாவம், இந்த அம்மாவின் ஒரே மகன் புயலில் செத்துப்போனான்."

அத்தனை பேரும் நின்றார்கள். ஆளுக்கு ஒரு பை பழம் வாங்கினார்கள். அவனுக்கும் கை நிறைய டிப்ஸ் கிடைத்தது.

அந்த ஒரே மகன் வெற்றிச்செல்வனோ குத்துக்கல்லாட்டம் இருக்கிறான், லாஸ்பேட்டைக்கு டவுன் பஸ் ஓட்டுகிறான். அது ஜோசப்புக்கும் தெரியும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்ணலாம் என்கிறார்கள், ஒரு பொய் சொல்லி ஏழைப் பொம்பளையின் கூடையைக் காலிசெய்தால் குற்றமா என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். சொல்லச் சொல்லப் பொய்யும் வளர்ந்தது. செத்தவனுக்கு ஒன்பது வயதானது, சிவப்புச் சட்டை வந்தது, இடிந்து விழ ஒரு சுவர் வந்தது. அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது ராஜாம்பாள் தலையைக் குனிந்துகொள்வாள். வெள்ளைக்காரர்கள் முன்னால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தான். அந்தக் குனிந்த தலை கதைக்கு ரொம்பப் பொருத்தமாக வேறு இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை வந்த கூட்டத்தில் கிளோடின் என்று ஒரு வயதான பிரெஞ்சுக்கார மதாம் இருந்தாள். கதையில் சுவர் இடிந்து விழுந்ததும் மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இவள் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு சாக்குக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து ராஜாம்பாளின் கையில் வைத்தாள். இருபது வயதுப் பையன், சைக்கிளோடு நிற்கிறான்.

"என் மகன். அவனும் இல்லை," என்றாள் பிரெஞ்சில். "உங்கள் பிள்ளை பேர் என்ன?"

ஜோசப் குனிந்து, "ஒண்ணுமில்லக்கா, அந்தம்மாவுக்கு மனசு சரியில்ல. நீங்க சும்மா தலைய ஆட்டுங்க," என்றான்.

ராஜாம்பாள் தலையை ஆட்டவில்லை. போட்டோவில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த மதாமைப் பார்த்துப் பேசினாள். பிரெஞ்சில் பேசினாள். சமையல்கட்டுப் பிரெஞ்சு, இலக்கணம் கிலக்கணம் எதுவும் கிடையாது. ஆனால் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் புரிந்தது.

"மன்னிச்சிடுங்க மதாம். என் பிள்ளை சாகலை. உயிரோட இருக்கான். பஸ் ஓட்டறான். பேரு வெற்றிச்செல்வன்."

ஜோசப்புக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. கிளோடின் அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "உயிரோடு இருக்கிறானா? நல்லது, ரொம்ப நல்லது," என்று ராஜாம்பாளிடம் சொல்லிவிட்டு, போட்டோவை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைப்பது மாதிரி தன் கழுத்துத் துணியால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஓட்டல் வரைக்கும் அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கூனிக் குறுகிப்போய் முன்னால் நடந்தான்.

அவர்களை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குத் திரும்பி ஓடினான்.

"அக்கா, உங்களுக்கு பிரெஞ்சு..."

"கல்யாணத்துக்கு முன்னால பன்னெண்டு வருசம் சொல்தா வூட்ல வேல செஞ்சேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன்காரரு. வூட்ல தமிழே பேசமாட்டாங்க."

"அப்ப இந்த எட்டு மாசமும்..."

"எல்லாம் வெளங்குச்சி."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"என்னாத்த சொல்றது? யாவாரம் ஆவுதே தம்பி." அவள் கொய்யாவைத் திருப்பித் திருப்பி அடுக்கினாள். "நீயாவது ஊரான் புள்ளயச் சாவடிச்ச. நான் பெத்தவ, கேட்டுகிட்டே கைநீட்டி காசு வாங்குனேன். தெனமும் வூட்டுக்குப் போயி அவன் தலயச் சுத்தி உப்பு போடறேன். எதுக்கும்மான்னு கேக்கறான். கண்ணு பட்டிருக்கும்டான்னு சொல்றேன்."

ஜோசப்புக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"நாளைக்கும் ஆளுங்களக் கூட்டியா. அவன இங்க நிக்க வெக்கறேன். உள்ளத உள்ளபடி சொல்லு. எம்புள்ள உசுரோட நிக்கறத உன் வாயால சொல்லு, அது போதும்."

மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். இரவெல்லாம் தூங்காத ஜோசப், மணிக்கூண்டைப் பற்றிக்கூட அளக்காமல் நேராகப் பழக்கடைக்குக் கூட்டி வந்தான். வெற்றிச்செல்வன் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, நெற்றியில் விபூதியோடு நின்றுகொண்டிருந்தான். அம்மா எதற்கு வரச்சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. ஜோசப்பைக் கண்டதும் இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதானாண்ணே? ஒங்களாலதான் யாவாரம் நடக்குதுன்னு அம்மா சொல்லிச்சி. ரொம்ப நன்றிண்ணே."

அந்தக் கை சூடாக இருந்தது. ஜோசப் அதை எப்படி விடுவதென்று தெரியாமல் பிடித்தபடியே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இவர் ராஜாம்பாள், பழம் விற்கிறார். இவர் அவருடைய மகன், பேருந்து ஓட்டுகிறார். நலமாக இருக்கிறார்."

"அப்படியா, சந்தோஷம்," என்றார்கள். ஒருவர் கொய்யாவைப் படம்பிடித்தார். இன்னொருத்தி மசாலாக் கடை எந்தப் பக்கம் என்று கேட்டாள். பத்துப் பேரும் சிரித்த முகத்தோடு நகர்ந்தார்கள். ஒரு பழம் போகவில்லை.

ராஜாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்து மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்வன் நிறைந்திருந்த கூடையைப் பார்த்தான், போகிற கூட்டத்தைப் பார்த்தான், பிறகு குரலைத் தணித்து ஜோசப்பிடம் கேட்டான்.

"ஏண்ணே, நான் இங்க நிக்கறதாலதான் யாரும் வாங்கலியா?"